குதிகால் முள்

டிராகன் என்று ஒருநாளும் சொன்னதில்லை சென்னியப்பன்.
றெக்கை ஓணான் என்பார்.
பையர் அனுப்பிய ஃபேக்ஸில் அது
கரியாய் அப்பிக்கொண்டு வந்திருந்தது:
ஒரு வால், கொஞ்சம் புகை, அவ்வளவுதான்.
குழந்தைகளின் ராத்திரிச் சட்டைக்கு
நாலு கலர், பன்னிரண்டாயிரம் பீஸ்.
நான் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாசம்.
"திங்கக்கிழமைக்குள்ள ஆயிருமாண்ணா?"
"நெருப்பு எங்கிருந்து வருதுன்னு
மொதல்ல தெரியோணுமே அம்மிணி."

ஞாயிறு விடிகாலை ராயபுரம் கறிக்கடையில் போய் நின்றிருக்கிறார்,
ஆட்டு நுரையீரலை ஊதிக் காட்டச் சொல்லி.
பி.என். ரோட்டில் கம்பியில் செத்துத் தொங்கிய வௌவாலை
கரண்டு போன நேரம் பார்த்துத் துரட்டியால் இறக்கி,
றெக்கையை விரித்துக் குண்டூசி குத்தி
கட்டிங் டேபிள் மேலேயே வைத்துவிட்டார்.
கட்டிங் மாஸ்டர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஒன்பதாவதோடு நின்றவர்.
பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய
ஓவியப் புத்தகம் ஒன்றுண்டு,
அதில் முழுக்க மனித முகங்கள்.
"மனுசன எதுக்குங் வரையறது,
அதான் பஸ் ஸ்டாண்டு முச்சூடும் நிக்கறாங்களே."

எருமைக் காது. பல்லி விரல்.
றெக்கைக்குள் பனையோலை நரம்பு.
பிறகு மூன்று தலை ஆந்தை,
கப்பலை விழுங்கிவிட்டு
முட்டையிட உட்காரும் கோழி,
நிலாவை நக்கும் எறும்புதின்னி.
கலருக்கு ஒரு ஷீட்டாகப் பதினெட்டு வருஷம்.
ஆர்டர் முடிந்தால் ஸ்க்ரீனைக் கழுவிவிடுவோம்,
கழுவினால்தான் அடுத்த படம்.
ஓணானின் நீலம் சாக்கடை வழியே நொய்யலுக்குப் போகும்.
அங்கே ஏற்கெனவே வேறொரு நீலம்.

வலது கீழ் மூலையில் கிளுவை முள் ஒன்று போடுவார்.
கையெழுத்தா என்று நான் கேட்டதில்லை.
பையர்தான் கேட்டான்:
மூலையில் என்ன அழுக்கு, எடுக்கவும்.
அதைத் தமிழில் சொன்னது நான்.
சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டதும் நான்.
"சரிங்" என்றார்.
அடுத்த சாம்பிளில் மூலை வெறுமையாக இருந்தது.
ஓணானின் பின்னங்காலில்,
கட்டுச்சேவலுக்கு இருக்குமே அப்படி,
குதிகாலை ஒட்டி ஒரு முள்.
பையருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.
அப்ரூவ்டு என்று நானே முத்திரை குத்தினேன்.

தையல் கோணிய பீஸெல்லாம் காதர்பேட்டைக்குக் கிலோ கணக்கில் போயின.
திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில்
சேறு அப்பிய ஒரு நெஞ்சில் அதைப் பார்த்தேன்.
அப்புறம் நாங்கள் அடிக்காத கலரில்,
எங்களுடையதல்லாத துணியில்.
ஊரிலிருந்த பிரிண்டிங் பட்டறை அத்தனையும்
அந்த ஓணானைத்தான் வரைந்துகொண்டிருந்தது,
முள்ளோடு.

அவர் செத்தபோது வைத்த அஞ்சலி ஃபிளெக்ஸில்
பேரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
ஓரத்தில் யாரோ கணினியிலிருந்து எடுத்து ஒட்டிய புறா இரண்டு.
புறாவின் காலை அவர் அப்படி விட்டிருக்க மாட்டார்.
நகம் எந்தப் பக்கம் வளையும் என்று
ஒரு வாரம் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்.

போன மாசம் இன்டர்வியூ.
கவுந்தப்பாடிப் பையன், விஷ்ணுதரன்,
டேப்லெட்டில் சொந்தமாக வரைந்தது நாற்பது படம்.
ஏழாவது படத்தில் நிறுத்தச் சொன்னேன்.
"குதிகால்ல இது என்ன தம்பி?"
"டிராகனுக்கு அது இருக்குமுங்களே மேடம்."
இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினான்.
முள்ளின் அடியில்
கிளுவைக் கணுவின் சின்னப் புடைப்புகூட அப்படியே இருந்தது.
"கிளுவை பார்த்திருக்கியா?"
"இல்லைங் மேடம். அது எந்த சாஃப்ட்வேருங்?"

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டேன்.